முதலில் வாங்கியவர்

2011 ஆகஸ்ட் 11 அன்று ஜப்பானில் ஒரு பொருளின் விலை 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாக இறங்கியது. நின்டெண்டோ நிறுவனத்தின் 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி அது. கண்ணாடி போடாமலே முப்பரிமாணப் படம் தெரியும் என்பது அதன் பெருமை. கடைக்கு வந்தது அதே வருடம் பிப்ரவரி 26-ஆம் தேதி. இரண்டு வாரத்தில் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. ஜப்பானில் யாருக்கும் விளையாட்டுக் கருவி நினைவில் இல்லாத வசந்தம் அது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. விளையாட ஆட்டங்களே போதவில்லை. விலை இறங்குவதற்கு முந்தைய வாரத்தில் சில ஆயிரம் கருவிகள்தான் விற்றன. விலை இறங்கிய வாரத்தில் அது ஏறக்குறைய இரண்டு லட்சமாக எகிறியது.

ஆக, விலைக்குறைப்பு வேலை செய்தது. வியாபாரப் பள்ளிகளில் பாடமாக வைக்கத் தகுந்த கதை. எனக்கு அதில் ஆர்வமில்லை. பிப்ரவரியில் வரிசையில் நின்று 25,000 கொடுத்தாரே, அவரைப் பற்றித்தான் நான் பல வருடங்களாக அவ்வப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்தாயிரம் யென் என்பது டோக்கியோவின் அன்றைய குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் பன்னிரண்டு மணி நேர வேலை. அந்த மனிதருக்கு அநீதி நடந்ததா, இல்லையா?

இதே கேள்வியை நான் ஒரு கடையில் கேட்டிருக்கிறேன். வாங்கிப் பத்தே நாளான செல்பேசி, அதே கண்ணாடிப் பெட்டிக்குள் நாலாயிரம் ரூபாய் குறைவாக உட்கார்ந்திருந்தது. கடைப்பையன் சிரித்தபடி சொன்னான்: "சார், அன்னைக்கு அந்த விலை, இன்னைக்கு இந்த விலை. நீங்க அன்னைக்கு சம்மதிச்சுத்தானே வாங்கினீங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபமில்லை.

ஓட்டை தேடியவர்கள் முன்பே இருக்கிறார்கள். சிசரோ தன் 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வியாபாரியைக் காட்டுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒருவர் கப்பலில் தானியம் கொண்டு வருகிறார். பின்னாலேயே இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவர் கடலில் பார்த்துவிட்டார். ஊராருக்கு அது தெரியாது. சொல்ல வேண்டுமா? சொன்னால் விலை விழும். சொல்லாவிட்டால் நல்ல காசு. ஸ்டோயிக் மரபில் வந்த குருவும் சீடரும் இதில் எதிரெதிராக நிற்கிறார்கள். குரு டயோஜினஸ், பீப்பாயில் வாழ்ந்தவர் அல்ல, பாபிலோன்காரர். அவர் பார்வையில், பொருளில் குறை இருந்தால் சட்டப்படி சொல்ல வேண்டும், மற்றபடி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வது என் கடமையில்லை. மறைப்பது வேறு, சொல்லாமலிருப்பது வேறு. சீடர் ஆன்டிபேட்டர் இதை ஒப்பவில்லை. மனிதர்களுக்கு நன்மை செய்யப் பிறந்தவன் நீ, அவர்களுக்குப் பயன்படுவதை உன் லாபத்துக்காக எப்படி மூடி வைக்கலாம் என்பது அவர் கேள்வி. சிசரோ சீடர் பக்கம் சாய்கிறார். பதின்மூன்று நூற்றாண்டு கழித்துத் தாமஸ் அக்வினாஸ் இதே தானியக் கதையை எடுத்து, சொல்லாதது அநீதி ஆகாது, ஆனால் சொல்வது மேலான அறம் என்று நடுவில் நிற்கிறார்.

3டிஎஸ் கதையில் நின்டெண்டோ அந்த வியாபாரி அல்ல. பிப்ரவரியில் அவர்களே இந்தச் சரிவை எதிர்பார்க்கவில்லை என்று நம்பலாம். ஜூலை 28 அன்று காலாண்டு நட்டத்தோடு சேர்த்துத்தான் விலைக்குறைப்பை அறிவித்தார்கள். எதையும் மறைக்கவில்லை. அக்வினாஸ் இருந்தால் கோப்பை மூடிவிட்டு அடுத்த வழக்குக்குப் போயிருப்பார். ஆனால் அன்றைய தலைவர் சதோரு இவாதா, ஏற்கனவே வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். மற்ற இயக்குநர்களுக்கும் இருபது முதல் முப்பது சதவீதம் வரை வெட்டு. பழைய விலையில் வாங்கியவர்களுக்கு 'தூதர்கள்' என்று பெயர் கொடுத்து, இருபது பழைய ஆட்டங்களை இலவசமாகத் தந்தார்கள். பத்து ஃபாமிகாம் காலத்தவை, பத்து கேம்பாய் அட்வான்ஸ் காலத்தவை.

தவறே செய்யாதவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? 'விளம்பரம்தான், வேறென்ன' என்று சொல்லிவிடலாம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். தானியத்துக்கும் விளையாட்டுக் கருவிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சிசரோவின் உதாரணத்தில் அது இல்லை.

தானியம் வாங்கியவர் சமைத்துச் சாப்பிட்டால் கணக்கு முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினாரா இல்லையா என்பது அவர் வயிற்றைப் பாதிக்காது. கருவி அப்படியில்லை. வாங்கும் நாளில் அது பாதிப் பொருள்தான். மீதிப் பாதி, இனி வரப்போகும் ஆட்டங்கள். அவை வருமா என்பது எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நிறையப் பேர் வாங்கினால் ஆட்டம் செய்பவர்கள் வருவார்கள். அவர்கள் வந்தால் இன்னும் நிறையப் பேர் வாங்குவார்கள். யாராவது முதலில், காலி வீட்டுக்குள் நுழைவதுபோல, உள்ளே போக வேண்டும்.

ஜப்பானின் விற்பனை வரலாறே இந்தச் சூதாட்டத்தின் வரலாறுதான். 1983 ஜூலை 15 அன்று, ஒரே நாளில், இரண்டு கருவிகள் வந்தன. நின்டெண்டோவின் ஃபாமிகாம் 14,800 யென். சேகாவின் எஸ்ஜி-1000 அதைவிட 200 யென் அதிகம். அன்று கடையில் நின்ற அப்பா எதைக் கையில் எடுத்தார் என்பதில் ஒரு பையனின் அடுத்த ஐந்து வருடம் அடங்கியிருந்தது. ஃபாமிகாம் ஜப்பானில் மட்டும் 1.9 கோடிக்கு மேல் விற்றது. மற்றதை இன்று சேகரிப்பாளர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1994-இன் கடைசியில் சேகா சாட்டர்ன் 44,800 யென்னுக்கும், பத்துச் சொச்சம் நாள் கழித்து சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 39,800 யென்னுக்கும் வந்தன. ஆரம்பத்தில் இரண்டும் தோளுக்குத் தோள் ஓடின. பிறகு, அதுவரை நின்டெண்டோ வீட்டுப் பிள்ளையாக இருந்த 'ஃபைனல் ஃபேன்டசி' தன் ஏழாம் பாகத்தோடு 1997 ஜனவரியில் சோனிக்குக் குடிபெயர்ந்தது. 'டிராகன் குவெஸ்ட்' தொடரும் அதே பக்கம் போனது. சாட்டர்ன் ஜப்பானில் 50 லட்சத்துக்கு மேல் விற்றது, தோல்வி என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய எண். ஆனால் பிளேஸ்டேஷன் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். தோற்ற பக்கத்தில் இருந்த ஐம்பது லட்சம் பேரும் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கையில் அன்றிருந்த தகவலை வைத்து ஒரு நிறுவனத்தின் வாக்கை நம்பினார்கள்.

அப்படியானால் முதலில் வாங்குபவர் வெறும் வாடிக்கையாளர் அல்ல. கடன் கொடுத்தவர். ஆனால் பங்குச் சந்தையில் பணம் போட்டவரைப் போல லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. கருவி ஜெயித்தால் பின்னால் வருபவர் குறைந்த விலையில் அதிக ஆட்டங்களோடு அதே பொருளை வாங்கிக்கொண்டு போவார். நஷ்டத்தில் மட்டும் முழுப் பங்கு உண்டு. 'சம்மதிச்சுத்தானே வாங்கினீங்க' என்ற கடைப்பையனின் வாதம் இங்கேதான் தடுமாறுகிறது. சம்மதித்தது உண்மை. சம்மதித்தது எதற்கு? பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக்குக்கு மட்டுமா?

இதைச் சேகாவின் கடைசிக் கருவியில் அப்பட்டமாகப் பார்க்கலாம். டிரீம்காஸ்ட் 1998 நவம்பர் 27 அன்று வெளிவந்தது. அதற்கு முன் வந்த தொலைக்காட்சி விளம்பரம் ஜப்பானில் இன்றும் பேசப்படுவது. தெருவில் பையன்கள் பேசிக்கொண்டு போகிறார்கள்: சேகா எல்லாம் மட்டம்பா, பிளேஸ்டேஷன்தான் சூப்பர். அதைக் காதில் வாங்கி நொறுங்கிப்போகிறார் சேகாவின் இயக்குநர் யுகாவா ஹிதேகஸு. நடிகர் இல்லை, நிஜ இயக்குநரே. ஒரு நிறுவனம் காசு கொடுத்து ஒளிபரப்பிய ஒப்புதல் வாக்குமூலம் அது. மக்களுக்கு யுகாவாவைப் பிடித்துப்போயிற்று. அந்த விளம்பரம் சொல்லாமல் சொன்னது: நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம், நீங்கள் வந்தால் உண்டு. அதைக் கேட்டு ஜப்பானில் இருபது லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 2001 ஜனவரி 31 அன்று சேகா கருவித் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. 29,800 யென்னுக்கு வந்த பொருள் 9,900 யென்னுக்குத் தள்ளிவிடப்பட்டது.

அப்போது சேகாவின் தலைவராக இருந்தவர் ஒகாவா இசாவோ. மரணப்படுக்கைக்கு அருகில் இருந்த அவர், ஏறக்குறைய 85,000 கோடி யென்னில் நூறில் ஒரு பங்கு, அதாவது 850 கோடி என்று நான் ஒருமுறை தப்பாகக் கணக்குப் போட்டேன். இல்லை, 8,500 கோடி யென். தன் சொந்தச் சொத்தை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு அந்த மார்ச்சில் இறந்துபோனார். தொழில்முதலாளிகளின் வரலாற்றில் இப்படி ஒரு காரியத்தை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பணம் நிறுவனத்தையும் அதன் ஊழியர்களையும் காப்பாற்றியது. கருவி வாங்கியவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை, இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை. ஆனால் இணையம் வழியே விளையாடும் 'ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன்' ஆட்டத்துக்கான சர்வர்களைச் சேகா அதன் பிறகும் பல வருடங்கள் நடத்தியது. செத்த கருவிக்கு மின்சாரக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இது ஒகாவாவின் கொடைக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கதாகத் தோன்றுகிறது. எண்ணிக்கையில் சிறியதுதான். ஆனால் சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்று இருக்கிறது. அது என் வாதத்தைக் கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது. பிளேஸ்டேஷன் 5, 2020 நவம்பரில் வந்தபோது வரி உட்பட 54,978 யென். 2022-இல் 60,478 ஆயிற்று. 2024 செப்டம்பரில் 79,980. யென்னின் மதிப்பு விழுந்ததும் உதிரிபாக விலையும் காரணங்கள். வருடம் ஏற ஏற விலை இறங்கும் என்ற நாற்பது வருட வழக்கம் தலைகீழானது. இங்கே முதலில் வாங்கியவர்தான் ஜெயித்தவர். நான்கு வருடம் கழித்து வந்தவர் 25,000 யென் கூடுதலாகக் கொடுத்தார். யாரும் அவருக்குக் கடிதம் எழுதவில்லை. முதலில் வாங்கியவர் யாரும் 'எனக்கு லாபம் அதிகமாகிவிட்டது, இந்தா வைத்துக்கொள்' என்று சோனிக்குப் பணம் அனுப்பவுமில்லை. அப்படியென்றால் நம் நியாய உணர்ச்சி ஒருவழிப் பாதையா? விலை இறங்கினால் அநியாயம், ஏறினால் என் அதிர்ஷ்டம் என்பதா?

ஓரளவு ஆமாம். மனிதர்கள் அப்படித்தான். ஆனால் முழுக்க அப்படியில்லை. 2020-21-இல் அந்தக் கருவி கிடைக்கவே இல்லை. வெளியீட்டு நாளில் கடையில் நேரடி விற்பனையே கிடையாது என்று சோனி சொல்லியிருந்தது. கிடைத்த சிலரில் ஒரு பகுதியினர் மறுவிற்பனைக்காரர்கள். ஜப்பானியத்தில் 'தென்பாய்' என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே முகம் சுளிப்பது வழக்கம். சில கடைகள் பெட்டியில் வாங்குபவரின் பெயரை எழுதிக் கொடுத்தன, உள்ளே இருக்கும் உறையைப் பிரித்துக் கொடுத்தன. புதுப் பொருளாக மறுபடி விற்க முடியாதபடி. அங்கே மக்களுக்கு வந்த கோபம் விலையைப் பற்றியது மட்டுமல்ல. நம்பி முதலில் வருபவனின் இடத்தில், நம்பிக்கையே இல்லாத ஒருவன் வந்து நின்றுகொண்டதைப் பற்றியது.

(இன்னொரு சின்ன விஷயம். ஜப்பானில் வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் தப்பு. பள்ளிக்கூட விடைத்தாளிலிருந்தே அப்படித்தான். பிளேஸ்டேஷனின் பொத்தான்களும் அங்கே இருபத்தைந்து வருடம் அப்படியே இருந்தன. ஐந்தாம் கருவியில் உலகத்துக்கெல்லாம் ஒரே முறை என்று மாற்றி, பெருக்கல் குறியைச் 'சரி' ஆக்கினார்கள். பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் இரண்டு கோடிக்கு மேல் விற்றது. மூன்றாவது ஒரு கோடி. நான்காவது அதற்கும் சற்றுக் குறைவு. வீட்டுக்காரனே விருந்தாளியாகிவிட்டதை அந்தப் பொத்தான் சொன்னது.)

நின்டெண்டோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஸ்விட்ச் 2 கருவி 2025 ஜூன் 5 அன்று வெளிவருவதற்கு முன், தன் சொந்த இணையக் கடையில் குலுக்கல் வைத்தது. அதில் கலந்துகொள்ள இரண்டு நிபந்தனைகள். பழைய ஸ்விட்சில் 2025 பிப்ரவரி 28 வரை ஐம்பது மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டும். இலவச ஆட்டங்கள் கணக்கில் சேராது. இணையச் சந்தாவில் மொத்தம் ஒரு வருடமாவது இருந்திருக்க வேண்டும். இப்படியிருந்தும் ஜப்பானில் மட்டும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். நிறையப் பேருக்குக் கிடைக்காது என்று தலைவர் ஷுந்தாரோ ஃபுருகாவா முன்கூட்டியே வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது.

பற்றாக்குறைப் பொருளைப் பங்கிட மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் சிலதான். அதிக விலை தருபவனுக்கு. முதலில் வந்து நிற்பவனுக்கு. குலுக்கலில் பெயர் வந்தவனுக்கு. தகுதியுள்ளவனுக்கு. நின்டெண்டோ கடைசி இரண்டையும் சேர்த்துப் பிசைந்தது. இதில் நான் ரசித்தது அந்தத் தேதியைத்தான். நிபந்தனையை அறிவித்தது ஏப்ரல் 2-இல். கணக்கெடுத்தது பிப்ரவரி 28 வரை. அறிவிப்பைப் படித்துவிட்டு, கருவியை ஓடவிட்டுத் தூங்கிப்போய் ஐம்பது மணி நேரம் சேர்க்க யாராலும் முடியாது. பரிசு இருப்பது தெரியாமல் செய்ததற்கு மட்டுமே பரிசு. கூலியை எதிர்பார்க்காமல் செய்த காரியத்தைத்தான் நாம் அன்பு என்கிறோம். ஒரு நிறுவனம் அதை மணிக்கணக்கில் அளந்துவிட்டது என்பது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அளவுகோல் யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். அண்ணனின் கணக்கிலேயே ஐந்து வருடம் விளையாடிய தம்பிக்கு மணி நேரம் ஏறாது. சந்தா கட்டக் காசில்லாமல், பழைய ஆட்டங்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்கித் தனியாக விளையாடிக்கொண்டிருந்தவருக்குச் சந்தா வருடம் ஏறாது. விசுவாசம் என்று அளக்கப்பட்டதில் ஒரு பங்கு வசதி. மறுவிற்பனைக்காரரைத் தடுக்கப் போட்ட வேலியில் இவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அவர்களையும் உள்ளே விடும் வேலி ஒன்றைச் சொல்லு என்றால் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வேலி மொழி. ஜப்பானிய மொழி மட்டும் உள்ள, ஜப்பான் கணக்கோடு மட்டும் இணையும் ஸ்விட்ச் 2 விலை 2025-இல் வெளிவந்தபோது 49,980 யென். பல மொழிகள் உள்ளது அப்போது 69,980. அமெரிக்காவில் 450 டாலருக்கு விற்ற பொருள், அன்றைய மாற்று விகிதத்தில் ஜப்பானியருக்கு 350 டாலருக்குள் கிடைத்தது. பலவீனமான யென்னில் சம்பளம் வாங்கும் குடும்பத்தை மனதில் வைத்த விலை; வெளிநாட்டுக்கு மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்கும் விலை. முதல் நான்கு நாளில் ஜப்பானில் 9 லட்சத்துக்கு மேல் விற்றது. சோனியும் அதே வருடம் நவம்பரில் ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பிளேஸ்டேஷன் 5-ஐ 55,000 யென்னுக்குக் கொண்டுவந்தது.

சுற்றுலாப் பயணிக்கு இதில் அநீதி எதுவுமில்லை என்றே நினைக்கிறேன். அவர் ஊரில் அவர் ஊர் விலை. ஆனால் டோக்கியோவின் நிஷிகசாயில் பத்து வருடமாக வரி கட்டிக்கொண்டு இருக்கும் தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். 2025-இல், ஜப்பானியப் பள்ளிக்குப் போகும் மகளுக்கு 49,980 யென் கருவி போதும். காஞ்ஜி எழுத்து படிக்கத் தெரியாத அம்மாவும் சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் இன்னும் இருபதாயிரம். "அம்மா, நான் வாசிச்சுச் சொல்றேன்" என்று மகள் சொல்லிவிடுவாள், விஷயம் முடிந்துவிடும். அநீதி என்று இதைச் சொல்ல நாக்கு வரவில்லை. ஆனால் ஒரு சமூகம் 'நம்மவர்' என்று யாரைச் சொல்கிறது என்பதற்கு யென்னில் ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் வாங்கியவரிடம் திரும்பி வருகிறேன். அவருக்கு ஒரு பழைய பாதுகாப்பு இருந்தது. ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால் விற்றுவிடலாம். ஜப்பானில் பழைய ஆட்டங்களை விற்பது சட்டவிரோதம் என்று தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஆட்டமும் திரைப்படம் மாதிரிதான், அதன் விநியோக உரிமை எங்களிடமே என்றார்கள். 2002 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஒருமுறை விற்றுவிட்டால் அந்தப் பிரதியின் மேல் விநியோக உரிமை தீர்ந்துபோகிறது, வாங்கியவர் விற்கலாம். இன்று அந்தத் தீர்ப்பு அப்படியே இருக்கிறது, அது பாதுகாத்த வட்டும் அட்டையும்தான் குறைந்துகொண்டே வருகின்றன. தரவிறக்கிய ஆட்டத்தை எந்தப் பழைய கடையும் வாங்காது. வெளியேறும் கதவு சிறிதாகும்போது உள்ளே அழைத்தவரின் பொறுப்பு பெரிதாகிறது என்பது என் எண்ணம். டயோஜினஸ் ஒப்புக்கொள்ள மாட்டார்.

3டிஎஸ்ஸின் இணையக் கடை 2023 மார்ச் 28 அன்று மூடப்பட்டது. தூதர்களுக்குக் கொடுத்த இருபது ஆட்டங்களில் ஃபாமிகாம் காலத்துப் பத்தும் பிற்பாடு எல்லோருக்கும் விற்கப்பட்டன. கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்கள் பத்தையும் 3டிஎஸ்ஸில் வேறு யாருக்கும் விற்கும் உத்தேசமில்லை என்று 2011-இல் சொன்னார்கள். கோடிக்கணக்கான கருவிகள் அதன் பிறகு விற்றும், ஆட்டங்கள் தயாராகக் கையில் இருந்தும், காசு கொடுக்க ஆள் இருந்தும், கடை மூடும் நாள்வரை விற்கவில்லை. இவாதா 2015-இலேயே இறந்துவிட்டார். 3டிஎஸ்ஸில் அந்தப் பத்து ஆட்டங்களும் பழைய விலை கொடுத்தவர்களின் கருவிகளுக்குள் மட்டும் இருக்கின்றன.